காருக்குள் ஏழு சிப்பம் புகையிலை

செல்வநாயகியின் காருக்குள் புகையிலைச் சிப்பங்களை ஏற்றியது வேறு யாருமல்ல, அவளுடைய சொந்தத் தமையன் கதிரவேலு. களவாக ஏற்றவில்லை. பட்டப்பகலில், இரண்டு கூலியாட்களைப் பிடித்து, வீட்டு ஒழுங்கையில் நின்ற சனம் பார்த்திருக்க ஏற்றினான். ஏற்றி முடித்துக் கார்க் கண்ணாடிகளை இறுக்கி உயர்த்தி, கொட்டில் கதவுக்கு ஓர் ஆமைப்பூட்டும் போட்டுவிட்டு, தங்கச்சிக்குப் பெரிய உபகாரம் செய்த நினைப்போடு வீட்டுக்குப் போய் வயிறாறச் சோறு தின்றான். அந்தச் சோறு அவனுக்கு எப்படி இறங்கியதோ தெரியாது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு பற்றி எரிகிறது.

பொறுங்கள் பிள்ளைகளே, அந்தக் கார் கொட்டிலுக்குள் போன விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் செல்வநாயகியின் கோபம் உங்களுக்குப் பாதிதான் விளங்கும்.

அவளுடைய புருசன் நாகலிங்கம் மலாயாவில் ரயில் கந்தோரில் இருபத்தைந்து வருடம் குமாஸ்தாவாக இருந்தவர். பென்சன் எடுத்துக்கொண்டு சுன்னாகத்துக்குத் திரும்பிய கையோடு ஒரு கறுப்பு ஒஸ்ரின் கார் வாங்கினார். அதை ஓட்ட, மீன்பிடிகாரர் ஊரான குருநகரிலிருந்து சிமியோன் என்ற சாரதியை வைத்தார். சிங்கப்பூர் யப்பான்காரனிடம் விழுந்த அதே மாசிமாதம் நாகலிங்கத்துக்குக் காய்ச்சல் வந்தது. பத்தாம் நாள் ஆள் முடிந்தது. மலாயாவிலிருந்து வந்த பென்சனும் அந்த மாதத்தோடு நின்றது. பிறகு பெற்றோலுக்குக் கூப்பன் வந்தது, ரயர் என்ற சாமானைக் கண்ணால் காணக் கிடைக்கவில்லை, ஊரில் கார் வைத்திருந்தவர்களெல்லாம் மாட்டு வண்டிக்கு ஆள் தேடினார்கள். செல்வநாயகிக்கு மிஞ்சியது சீதனமாக வந்த வீடும் வளவும், அதற்குள் இரண்டு பரப்பு வெங்காயத் தோட்டம், உடுவில் பள்ளிக்கூட விடுதியில் படிக்கும் மகள் அருந்ததி, இந்தக் கார். அவ்வளவுதான்.

"விக்காதையுங்கோ அம்மா," என்றான் சிமியோன். "இப்ப வித்தால் இரும்பு விலைதான் தருவினம். சண்டை முடியத்தான் இதுக்கு மதிப்பு வரும். அதுவரைக்கும் கவனமாய் வைச்சிருப்பம்."

காரைக் கொட்டிலுக்குள் தள்ளி, நாலு வெள்ளைக் கல்லின் மேல் தூக்கி நிறுத்தி, ரயர்களைக் கழற்றினான். ரேடியேற்றர்த் தண்ணீரை வடித்தான். பற்றறியை எடுத்தான். பிறகு கைகளைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றான்.

"இனி இதுக்குக் கள்ளன் எதிரியில்லை அம்மா. எலியும் பெரிய எதிரியில்லை, எலிக்கு வலைத்துண்டு கட்டலாம். உள்ளுக்கை நிக்கிற காத்துத்தான் எதிரி."

"காத்து நிண்டால் என்ன செய்யும்?"

"மாரியிலை ஈரக் காத்து உள்ளுக்கை போகும். போனது வெளியிலை வர வழியில்லாட்டில் பூஞ்சணம் பிடிக்கும். முதல் வெள்ளையாய்ப் பூக்கும், நாங்கள் தூசி எண்டு இருந்திடுவம். பேந்து பச்சை. பேந்து மணம். எஞ்சினிலை பிழை வந்தால் திருத்தலாம், மணத்தை ஆரம்மா திருத்திறது?"

செல்வநாயகி தோட்டக்காரி. அவளுக்கு உடனே பிடிபட்டது. "அப்ப விதை வெங்காயம் மாதிரி எண்டு சொல்லும்."

சுன்னாகத்தில் விதை வெங்காயத்தை யாரும் சாக்கில் கட்டி வைப்பதில்லை. தாளோடு பிடி பிடியாக முடிந்து, காற்றோட்டமான கொட்டிலில் தடிகளில் தொங்கவிடுவார்கள். சாக்கில் கட்டினால் ஒரு வெங்காயம் அழுகும், அதிலிருந்து பத்து, பிறகு சாக்கைத் தூக்கிக் கிடங்கில் கொட்டத்தான் வேண்டும்.

சிமியோன் சிரித்தான். "நான் இவ்வளவு நேரம் வாயைக் கிழிச்சிருக்கத் தேவையில்லை. அதேதான்."

அன்றிலிருந்து அந்தக் காரை அவள் வெங்காயத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். தரையில் கிடந்த கம்பளத்தைக் கழற்றி வெங்காயத் தடியில் தொங்கவிட்டாள். சாக்கு, பழந்துணி, கடதாசி ஒன்றையும் உள்ளே விடவில்லை, அவையெல்லாம் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். கண்ணாடிகளை இரண்டு விரல் அளவு இறக்கி, அந்த இடைவெளிக்குச் சிமியோன் கொடுத்த வலைத்துண்டைக் கட்டினாள். சூளையிலிருந்து நீறாத சுண்ணாம்புக் கல் வாங்கி, அரைச் சட்டி அளவு போட்டு, வாயைத் துணியால் கட்டி இருக்கைகளின் கீழே வைத்தாள். கல் ஈரத்தை இழுத்து மாவாக நீறிப் போனதும் எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பாள். மழை விட்டு வெயில் கண்டால் அடுப்பில் என்ன இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு ஓடிப்போய் நாலு கதவையும் விரித்து, மெத்தைகளைக் கழற்றி முற்றத்துப் பாயில் போடுவாள். தோல் காய்ந்து வெடிக்குமோ என்று பயந்து ஒருமுறை தேங்காயெண்ணெய் பூசப் போனாள். சிமியோன் தலையில் கை வைத்தான்.

"எண்ணெய் பூசினால் பூஞ்சணத்துக்கு இலை போட்டுச் சோறு வைச்ச மாதிரி அம்மா. காய்ஞ்ச துணியாலை துடையுங்கோ, காணும்."

முதல் மாரி முழுக்க அப்படிப் போனது. தை பிறந்ததும் சிமியோன் வந்து உள்ளே தலையை விட்டு மூச்சை இழுத்துப் பார்த்தான். "கடையிலை வாங்கின அண்டைக்கு இருந்த மணம் இன்னும் கிடக்கு," என்றான். செல்வநாயகி அன்றைக்கு அவனுக்கு வெள்ளையரிசிப் புக்கை பொங்கிக் கொடுத்தாள்.

கதிரவேலு இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் புகையிலை வியாபாரி, திருவிதாங்கூருக்கு அனுப்புகிறவன். புகையிலைக்குக் கடல்தண்ணீர் தெளித்து, பனம்பாணி போட்டு, காற்றுப் படாமல் அடுக்கி மூடி, பாரம் ஏற்றி வைத்துப் பதப்படுத்துகிறவன். இருபது வருடமாக அவன் கண்ட உண்மை ஒன்றுதான்: மூடினால் நிற்கும், திறந்தால் கெடும். அது புகையிலையின் உண்மை. உலகத்தில் உள்ள எல்லாச் சாமானுக்கும் அதுதான் என்று அவன் நினைத்தான். நினைத்ததோடு நின்றிருந்தால் நான் ஏன் அவனைத் திட்டப்போகிறேன்.

"உதென்னடி, கல்யாணப் பொம்பிளையைக் குளிக்க வாக்கிற மாதிரி நாளுக்கு நாள் திறக்கிறாய், துடைக்கிறாய்," என்பான். "இறுக்கி மூடிப் போட்டு விடன். எங்கடை சிப்பம் வருசக் கணக்காய்க் கிடக்கேல்லையே?"

"உங்கடை சிப்பத்துக்கு மணம் வேணும் அண்ணை. என்ரை காருக்கு வேண்டாம்."

அருந்ததியின் பள்ளிக்கூடச் செலவை அப்போது அவன்தான் கொடுத்தான். கொடுப்பவன் சும்மா கொடுக்கவில்லை. அந்த மார்கழியோடு படிப்புப் போதும் என்று சொல்லிவிட்டான். தன் மனைவி குணலட்சுமியின் தம்பிக்கு, அச்சுவேலியில் கடை வைத்திருந்த நாற்பது வயது மனிசனுக்கு, அருந்ததியைக் கட்டிக் கொடுக்கவும் நினைத்திருந்தான். பிள்ளைக்கு வயது பதினைந்து.

ஐப்பசி தொடக்கத்தில் ஒருநாள் சிமியோன் சைக்கிளில் மூச்சிரைக்க வந்தான். பக்கத்து ஊரில் இருந்த பிள்ளைப்பேற்று ஆசுபத்திரிக்கு ஒரு கார் தேவையாம். மாட்டு வண்டியில் வருகிற தாய்மார் வழியிலேயே பெற்றுவிடுகிறார்கள், சிலர் வந்தும் சேருவதில்லை. ஆசுபத்திரிக்குப் பெற்றோல் கூப்பன் உண்டு, ரயரும் எடுத்துத் தருவார்கள். கார்தான் இல்லை.

"நான் எங்கடை காரைச் சொன்னனான். பொங்கல் முடியப் பெரிய டொக்டரம்மா வந்து பாப்பா. ஓட்டம் எப்பிடி எண்டு அவ கேக்கேல்லை அம்மா. உள்ளுக்கை சுத்தமோ எண்டுதான் கேட்டவ. பச்சைப் பிள்ளையையும் தாயையும் ஏத்திற கார், பூஞ்சணம் மணத்தால் வேண்டாம் எண்டு சொன்னவ."

"எங்கடை கார் மணக்குதோ?"

"அதைத்தான் நானும் சொன்னனான்."

மாதா மாதம் வாடகை வரும். அருந்ததி பள்ளிக்கூடத்திலேயே இருப்பாள். அண்ணனிடம் கையேந்த வேண்டாம், அச்சுவேலிக் கடைக்காரனுக்குப் பிள்ளையைக் கொடுக்கவும் வேண்டாம். செல்வநாயகிக்கு அந்தக் கார் அன்றைக்கு வெறும் கார் இல்லை. அது பொங்கல் வரைக்கும் பூக்காமல் மணக்காமல் இருந்தால் போதும். சந்தோசத்தில் ஓடிப்போய் அண்ணனுக்குச் சொன்னாள். அதுதான் அவள் செய்த பிழை என்று சிலர் சொல்வார்கள். அண்ணனுக்குச் சொல்லுவது எப்படிப் பிழையாகும்?

"பாப்பம்," என்றான் கதிரவேலு.

ஐந்தாறு நாளில் சாவகச்சேரியில் அவளுடைய மாமி ஒருத்தி செத்துப்போனாள். செத்த வீட்டுக்குப் போனவளை எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடியும் வரை விடவில்லை. போகும்போது அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். "வெயில் எறிச்சால் கொட்டில் கதவை மட்டும் திறந்து விடுங்கோ, அண்ணை. வேறை ஒண்டும் செய்யவேண்டாம்."

வேறை ஒன்றும் செய்யவேண்டாம் என்று சொன்னாள். கேட்டீர்களா பிள்ளைகளே, அவள் சொன்னாள்.

அந்த நாளில் திருவிதாங்கூருக்குத் தோணி ஓடவில்லை. கடலில் சண்டைப் பயம். கதிரவேலுவின் கிட்டங்கியில் சிப்பங்கள் கூரைமுட்டக் கிடந்தன, கூரையும் ஒழுகத் தொடங்கியது. தங்கச்சியின் கொட்டிலுக்குள் ஒரு கார் சும்மா நிற்கிறது. ஒழுகாத கூரை, மூடக்கூடிய கதவு, கண்ணாடி. அதோடு புகையிலை இருக்கிற இடத்துக்குக் கறையானும் வராது, பூச்சியும் வராது என்று அவனுக்குத் தெரியும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்தான். சுண்ணாம்புச் சட்டிகளை "உது என்ன செய்வினைச் சட்டி மாதிரி" என்று எடுத்து வெளியே வைத்தான். வலைத்துண்டுகளை அறுத்தான். பனையோலைப் பாயில் சுற்றிய ஏழு சிப்பங்களை மெத்தைகளின் மேல் அடுக்கி, கண்ணாடிகளை உயர்த்தினான்.

ஒன்பதாம் நாள் செல்வநாயகி வந்தாள். படலையில் கால் வைத்ததுமே வேலியோரம் கவிழ்ந்து கிடந்த சுண்ணாம்புச் சட்டிகள் கண்ணில் பட்டன. உடுத்த சீலையை மாற்றாமல் அப்படியே அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"கொட்டில் பூட்டின்ரை திறப்பைத் தாங்கோ."

"என்ன அவசரம். உன்ரை காரையும் காப்பாத்திப் போட்டன், என்ரை போயிலையையும் காப்பாத்திப் போட்டன். இனி நீ வெயிலைப் பாத்து ஓடித் திரியத் தேவையில்லை."

"போயிலையோ? காருக்குள்ளையோ?"

"ஏழே ஏழு சிப்பம். தோணி ஓடத் தொடங்க எடுத்திடுவன்."

"கடல்தண்ணி தெளிச்ச போயிலை அண்ணை அது. உப்பு மாரிக் காத்திலை அழும். உப்புச் சட்டியைப் பாத்தனீங்களோ, மாரியிலை தண்ணியாய் நிக்கிறதை? அதைக் கொண்டுபோய் என்ரை மெத்தையிலை வைச்சிருக்கிறியளே."

"எனக்குப் போயிலை படிப்பிக்கிறியோ? இல்லாட்டில் உந்தக் குருநகரான் சொல்லித் தந்தவனோ? வலை இழுக்கிறவன் வலையைப் பாக்கட்டும்."

"அவன் எனக்குக் காரைப் பற்றித்தான் சொன்னவன். திறப்பைத் தாங்கோ."

உள்ளேயிருந்து குணலட்சுமி வெளியே வந்தாள். "மச்சாள், அவர் உங்களுக்கு நல்லதுதானே செய்தவர். ஆம்பிளை இல்லாத வீட்டிலை காரைத் திறந்து போட்டுக்கொண்டு ஒரு சாரதியோடை நாளுக்கு நாள் நிக்கிறதை ஊர் என்ன சொல்லுது எண்டு உங்களுக்குத் தெரியாது."

"ஊர் சொல்லேல்லை மச்சாள். நீங்கள்தான் இப்ப சொல்லுறியள்."

திறப்புக் கிடைக்கவில்லை. கதிரவேலு அதை அரைநாணில் கோர்த்து வைத்திருந்தான். "தை பிறக்கட்டும்" என்றான். தை பிறக்கத்தானே அந்த டொக்டரம்மா வருகிறார் என்று அவள் சொன்னாள். "அப்ப எடுத்துத் தாறன், அண்டைக்கு உன்ரை கார் நான் வைச்ச மாதிரியே நிக்கும்" என்றான். அவன் அதை நம்பித்தான் சொன்னான். அதுதான் என்னால் பொறுக்க முடியாதது. வேண்டுமென்றே கெடுக்க வந்தவனாக இருந்திருந்தால் அவளும் பொலிசுக்குப் போயிருப்பாள்.

கார்த்திகை மழை பிடித்தது. சும்மா மழையில்லை, வெங்காயப் பாத்தி தெரியாமல் தண்ணீர் நின்ற மழை. நாள் தவறாமல் அவள் கொட்டில் கதவுக்கு முன்னால் போய் நிற்பாள், ஆமைப்பூட்டைப் பார்ப்பாள், திரும்புவாள். நாலு முறை அண்ணன் வீட்டுக்குப் போய்க் கேட்டாள். நாலாம் முறை அவன் முற்றத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்து, "தங்கச்சிக்குப் புருசன் செத்த கவலையிலும் பார்க்கக் காரின்ரை கவலை கூடிப் போச்சு" என்றான். இருந்தவர்களும் சிரித்தார்கள். அவள் நேரே கொட்டிலுக்குத் திரும்பி வந்தாள். பூட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

கார்த்திகை கடைசியில் சிமியோன் வந்தான். கொட்டில் சுவருக்கும் கிடுகுக் கூரைக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி இருந்தது. உரலைக் கவிழ்த்து அதில் ஏறி எட்டிப் பார்த்தான். இறங்கி வந்து உரலிலேயே இருந்துவிட்டான்.

"என்ன?"

"கண்ணாடியெல்லாம் உள்ளாலை வெள்ளையாய்க் கிடக்கு அம்மா. தண்ணி வழியுது. மெத்தை தெரியேல்லை. மணம் இஞ்சை வரைக்கும் வருது, உங்களுக்கு மணக்கேல்லையோ?"

அவளுக்கு ஒரு கிழமையாக மணந்துகொண்டுதான் இருந்தது. ஈரச் சாக்கும் புளித்த பாணியும் சேர்ந்த மணம். தன் மூளைதான் அப்படி மணக்க வைக்கிறதென்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒரு மாசம் கிடந்தால்?"

"இருக்கை மட்டுமில்லை, மரச் சட்டமும் போகும். பேந்து டொக்டரம்மாவுக்குக் காட்டத் தேவையில்லை, விறகுகாரனுக்குக் காட்டலாம்." அவன் எழுந்தான். "நான் பூட்டை உடைக்கேலாது அம்மா. உடைச்சால் கதிரவேலு ஐயா என்னை மல்லாகம் கோட்டிலை ஏத்துவார். குருநகரான் வளவுக்குள்ளை வந்து பூட்டுடைச்சான் எண்டால் ஆர் என்ரை கதையைக் கேப்பினம்?"

"உம்மை ஆர் உடைக்கச் சொன்னது?"

அவள் குசினிப் பக்கம் போய், கிணற்றடிக் கல் கிளப்புகிற அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்தாள். அது அவள் உயரத்துக்கு வந்தது. பூட்டின் வளையத்துக்குள் நுனியைக் கொடுத்து, உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு அமத்தினாள். முதல் முறை வழுக்கியது. இரண்டாம் முறை கதவுச் சட்டத்தோடு கொண்டி பெயர்ந்து வந்தது. பூட்டு உடையவில்லை, பூட்டிய கதவுதான் உடைந்தது. அவளுக்கு அதுவும் சரிதான்.

காரின் கதவைத் திறந்ததும் சிமியோன் பின்வாங்கினான். சாரத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அவளையும் சீலைத் தலைப்பைக் கட்டச் சொன்னான். ஓட்டுகிற வளையத்தில் வெள்ளைப் பஞ்சு மாதிரிப் பூத்திருந்தது. சிமியோன் கை வைக்கிற இடத்தில்தான் அது மிக அடர்த்தி. கூரைத் துணி பொம்மிக் கீழே தொங்கியது, அதில் கறுப்புப் புள்ளிகள். சிப்பங்களுக்குக் கீழே பின் மெத்தை முழுவதும் பச்சை. புகையிலைச் சாறு கறுப்பாக வழிந்து தரைப்பலகையில் குட்டையாக நின்றது.

செல்வநாயகி ஒரு சிப்பத்தின் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை, ஊறிப் பாரமாகிவிட்டிருந்தது. காலைக் கதவில் ஊன்றி இழுத்தாள். வந்தது. அதை முற்றத்தால் இழுத்துக்கொண்டு போய்ப் படலைக்கு வெளியே ஒழுங்கையில் விட்டாள். திரும்பி வந்தாள். இரண்டாவதைச் சிமியோன் பிடித்தான். "விடும்," என்றாள். "இது நீர் தொடவேண்டாம். நாளைக்கு உம்மிலை பழி போடுவினம்." ஏழையும் அவளே இழுத்தாள். அயலட்டைச் சனம் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றது.

ஐந்தாவது சிப்பம் போகும்போது கதிரவேலு குடையும் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"எடி, உனக்கென்ன விசரோ? சேத்துக்குள்ளை போட்டிருக்கிறாய், ஆற்றை சாமான் எண்டு நினைச்சாய்?"

"ஆற்றை கொட்டில் எண்டு நீங்கள் நினைச்சியள்?"

"பூட்டை உடைக்க உனக்கு ஆர் அதிகாரம் தந்தது?"

"என்ரை சீதனக் காணி. உறுதியிலை சாட்சிக் கையெழுத்து வைச்சது நீங்கள்தான். மறந்திட்டியளோ?" அவள் ஆறாவது சிப்பத்தை அவன் காலடியில் கொண்டுவந்து விட்டாள். பாய் பிரிந்து உள்ளே இருந்த இலைகள் தெரிந்தன. அவையும் வெள்ளையாகப் பூத்திருந்தன. மூடி வைத்தால் புகையிலை கெடாது என்று இருபது வருடம் சொன்னவன் குனிந்து ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தான். கார் வெயில் நாளில் உள்ளே புழுங்கி, மழை நாளில் வியர்த்து, அவனுடைய சரக்கையும் விட்டுவைக்கவில்லை.

"கண்ணாடி நல்லாய் இறுகேல்லைப் போலை," என்றான்.

கேட்டீர்களா. அப்போதும் அவனுக்கு மூடியது போதாதென்றுதான் பட்டது. செல்வநாயகி அவனைப் பார்த்தாள், பிறகு ஏழாவதை எடுக்கப் போனாள்.

பொங்கலுக்கு முப்பது நாள் இருந்தது. மார்கழி வெயில் நாளுக்கு ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம், சில நாள் அதுவும் இல்லை. கூரைத் துணியைக் கிழித்தெடுத்து எரித்தார்கள். பின் மெத்தையை எரித்தார்கள், அது தேறவில்லை. முன் மெத்தைகளை வளவுக்கு வெளியே கொண்டுபோய்த் தும்புக்கட்டையால் உரசினார்கள், தூள் காருக்குள் திரும்பப் போகக்கூடாதென்று சிமியோன் சொன்னான். குருநகரிலிருந்து அவன் கொண்டுவந்த பனங்கள்ளு வினாகிரியால் தோல், பலகை, கதவு இடுக்கு எல்லாம் மூன்று முறை துடைத்தார்கள். தரைப்பலகைகளைக் கழற்றிச் சிரட்டைக் கரித் தணலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக் காய வைத்தார்கள். அருந்ததி விடுமுறையில் வந்து குறுக்குக்கட்டோடு ஒரு பழைய பல்துலக்கியால் கண்ணாடிச் சட்டங்களைக் கிண்டினாள். கிண்டிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, மாமா நெடுக வாறவரோ?"

"உன்ரை வேலையைப் பார்."

"வந்தால் அவரையும் வினாகிரியிலை துடைக்கலாம் எண்டு கேட்டனான்."

அந்த முப்பது நாளில் செல்வநாயகி சிரித்தது அந்த ஒருமுறைதான்.

பொங்கல் முடிந்து நாலாம் நாள் டொக்டரம்மா ஆசுபத்திரி மாட்டு வண்டியில் வந்தார். மெலிந்த, வெள்ளைச் சீலை உடுத்த தமிழ் மனுசி. வீட்டுக்குள் வரச் சொன்னதற்கு வரவில்லை, நேரே கொட்டிலுக்குப் போனார். முன்னிருக்கையில் ஏறி, நாலு கண்ணாடியையும் உயர்த்தச் சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே தனியாக இருந்தார். உச்சி வெயில். வெளியே செல்வநாயகி, சிமியோன், அருந்ததி. குடையோடு கதிரவேலுவும் வந்து நின்றான். அவனை யாரும் கூப்பிடவில்லை. பெரிய மனிசர் வருகிற இடத்தில் ஆம்பிளை ஒருவர் நிற்கவேண்டும் என்று வந்தானாம்.

பத்து நிமிசம் கழித்து அவர் இறங்கினார். நெற்றி வியர்த்திருந்தது.

"பிழையில்லை," என்றார். "இடப்பக்கக் கதவோரத்திலை மட்டும் கொஞ்சம் மணக்குது. மேலை துணியில்லாதது நல்லது, கழுவலாம். பின் இருக்கை எங்கை?"

சிமியோன் கதிரவேலுவைப் பார்த்தான்.

"இல்லாட்டிலும் பரவாயில்லை. இடப்பக்க முன் இருக்கையையும் கழற்றினால் பலகைப் படுக்கை ஒண்டு நீட்டி வைக்கலாம். ஆனால் நான் வருசத்துக்கு எழுதித் தரமாட்டன். ஒரு மாசம் பாப்பம். அந்த மணம் போகாட்டில் கார் வேண்டாம். சரியோ?" கைப்பையிலிருந்து கடதாசியை எடுத்தார். "ஆர் கையெழுத்து வைக்கிறது?"

கதிரவேலு குடையை மடக்கிக்கொண்டு முன்னால் வந்தான். "தங்கச்சியின்ரை கார். மச்சான் இல்லாத நாளிலையிருந்து நான்தான் இதுக்குப் பொறுப்பு." பேனைக்குக் கை நீட்டினான்.

"ஓம் டொக்டர்," என்றாள் செல்வநாயகி. "பொறுப்பு இவர்தான். அதுதான் பின் இருக்கை இல்லை."

டொக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனையைச் செல்வநாயகியிடம் கொடுத்தார். அவள் காரின் எஞ்சின் மூடியில் கடதாசியை வைத்து, கோணலாக, ஆனால் முழுப்பெயரையும் எழுதினாள்.

டொக்டரம்மாவின் வண்டி ஒழுங்கையால் திரும்பும் வரைக்கும் கதிரவேலு மடக்கிய குடையை ஊன்றிக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான்:

"பிறத்தியாருக்கு முன்னாலை என்னை இப்பிடி வைச்சிட்டியே பிள்ளை. நான் நல்லதுக்குத்தானே செய்தனான்."

செல்வநாயகி காரின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தாள். திரும்பினாள்.

"கெட்டது செய்யிறவன் ஆளில்லாத நேரம் பாத்துச் செய்வான் அண்ணை. அது எனக்கு விளங்கும். நீங்கள் நல்லதையும் நான் இல்லாத நேரம் பாத்துத்தான் செய்தனீங்கள். கேட்டால் நான் வேண்டாம் எண்டுதான் சொல்லுவன் எண்டு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேக்கேல்லை."

கதிரவேலு கொட்டில் நிழலிலேயே குடையை விரித்தான், அங்கே மழையும் இல்லை, வெயிலும் இல்லை. அப்படியே படலையைக் கடந்து போனான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. இடப்பக்கக் கதவோரத்தில் முழங்காலில் இருந்து, மூக்கைப் பலகைக்குக் கிட்டக் கொண்டுபோய், மணம் எந்த இடுக்கிலிருந்து வருகிறதென்று தேடத் தொடங்கியிருந்தாள். ஒரு மாதம்தான் இருந்தது.